மத்திய அரசு ஜியாலஜிஸ்ட் வேலை: அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

ஜியாலஜி, அதாவது பாறை, தாதுப் பத்தின படிப்பு, அத படிக்கிற தம்பி தங்கச்சிங்க, அவங்க அப்பா அம்மா, சில சமயம் அவங்க காலேஜ் சார்னு வாரத்துக்கு ரெண்டு பேராவது ஃபோன் பண்ணி ஒரே கேள்வியதான் கேக்குறாங்க, நானும் அதே பதில திரும்பத் திரும்ப சொல்லி தொண்டை காஞ்சு போச்சு, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு. நான் ரெண்டாவது தடவைல பாஸ் பண்ணி ஜிஎஸ்ஐ, அதாவது ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவுக்குள்ள வந்தவன். கோச்சிங் சென்டர் எதுவும் நடத்தல, நம்பி படிக்கலாம்.

அண்ணா, இது ஐஏஎஸ் மாதிரியா?

நடத்துறது அதே யுபிஎஸ்சிதான், ஆனா எக்ஸாம் வேற. பேரு கம்பைன்டு ஜியோ சயின்டிஸ்ட் எக்ஸாம். பாஸ் பண்ணா குரூப் ஏ கெசட்டட் ஆபீசர். சைரன் வண்டி, பங்களா, வாசல்ல போலீஸ் எல்லாம் கிடையாது, அத நெனச்சு வர்றவங்க மொத ஃபீல்டு சீசன்லயே மூஞ்ச தொங்கப் போட்டுடுவாங்க. கைல சுத்தியல், கழுத்துல லென்ஸ், முதுகுல கல்லு மூட்டை, இதான் ஆபீசர்.

புவியியல்னா ஜியாகிரஃபி தானே? எங்க பொண்ணு எம்ஏ ஜியாகிரஃபி, அப்ளை பண்ணலாமா?

இந்தக் கேள்வி வராத மாசம் இல்ல. ஸ்கூல் புக்ல ஜியாகிரஃபிக்கு புவியியல்னு போட்டிருக்கு, நம்ம மாநில அரசோட ஜியாலஜி டிபார்ட்மென்ட்டுக்கும் "புவியியல் மற்றும் சுரங்கத் துறை"னு பேரு, ஜனங்க குழம்பாம என்ன பண்ணுவாங்க? ஜியாலஜிக்கு நிலவியல்னு ஒரு நல்ல வார்த்தை இருக்கு, அத யாரும் வாயில எடுக்குறதில்ல. என் சித்தி இன்னிக்கு வரைக்கும் என்ன ஜியாகிரஃபி வாத்தியார்னுதான் சொல்லிட்டு இருக்காங்க. ஜியாகிரஃபி டிகிரி செல்லாது. எம்எஸ்சி ஜியாலஜி, அப்ளைடு ஜியாலஜி, மரைன் ஜியாலஜி, ஜியோகெமிஸ்ட்ரி, மினரல் எக்ஸ்ப்ளோரேஷன் இந்த மாதிரி மாஸ்டர்ஸ் வேணும், முழு லிஸ்ட் நோட்டிஃபிகேஷன்ல இருக்கும், உங்க சர்டிஃபிகேட்ல இருக்குற பேர அதோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க. வெறும் பிஎஸ்சி பத்தாது. எம்எஸ்சி கடைசி வருஷம் படிக்கிறவங்க பிரிலிம்ஸுக்கு அப்ளை பண்ணலாம், ஆனா மெயின்ஸ் எழுதுறதுக்கு முன்னாடி பாஸ் பண்ண ப்ரூஃப் காட்டணும்.

இதே எக்ஸாம்லதான் ஜியோஃபிசிஸ்ட், கெமிஸ்ட் போஸ்டும் வருது, அதனால ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எம்எஸ்சி பசங்களும் நோட்டிஃபிகேஷன ஒரு தடவ எடுத்துப் பாருங்க.

வயசு, ஃபீஸ்?

அந்த வருஷம் ஜனவரி 1ஆம் தேதி 21 முடிஞ்சிருக்கணும், 32 ஆகியிருக்கக் கூடாது. ஓபிசிக்கு 3 வருஷம், எஸ்சி எஸ்டிக்கு 5 வருஷம் தளர்வு. ஃபீஸ் 200 ரூபா, பொண்ணுங்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்ல. ஒரு பிரியாணி காசுக்கு அப்ளிகேஷன் போட யோசிக்கிறவங்கள பாத்தா எனக்கு கோவம் வரும்.

எக்ஸாம் எப்படி இருக்கும்?

இத கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா இங்கதான் பாதிப் பேர் ஏமாறுறாங்க.

2020லேர்ந்து மூணு ஸ்டேஜ். பிரிலிம்ஸ்ல ரெண்டு பேப்பர், ஜெனரல் ஸ்டடீஸ் 100 மார்க், சப்ஜெக்ட் 300 மார்க், ரெண்டுமே ரெண்டு ரெண்டு மணி நேரம், அப்ஜெக்டிவ், தப்புக்கு மூணுல ஒரு பங்கு மார்க் போகும். மெயின்ஸ்ல மூணு பேப்பர், தலா 200, தலா மூணு மணி நேரம், கை வலிக்க எழுதணும். அப்புறம் இன்டர்வியூ 200. ஆக மொத்தம் 400 கூட்டல் 600 கூட்டல் 200, 1200.

இதுல விஷயம் என்னன்னா ஐஏஎஸ் எக்ஸாம்ல பிரிலிம்ஸ் வெறும் வாசப்படி மாதிரி, தாண்டிட்டா அந்த மார்க்க யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இங்க அப்படி இல்ல, பிரிலிம்ஸ் மார்க்கும் கடைசி ரேங்க்ல சேரும். அந்த 300 மார்க் சப்ஜெக்ட் பேப்பர் ஒண்ணே மொத்தத்துல கால் பங்கு. "கட் ஆஃப் தாண்டுனா போதும்டா, மெயின்ஸ்ல பாத்துக்கலாம்"னு அசால்ட்டா எழுதுனவன் மெயின்ஸ் நல்லா எழுதியும் லிஸ்ட்டுக்கு வெளிய நிப்பான். மொத தடவ நான் நின்ன மாதிரி.

போஸ்ட் எத்தனையோ அதுல சுமார் ஆறேழு மடங்கு பேரதான் பிரிலிம்ஸ்லேர்ந்து மெயின்ஸுக்கு எடுப்பாங்க.

தமிழ்ல எழுதலாமா?

முடியாது, பதில் இங்கிலீஷ்லதான் எழுதணும். ஆனா இதுக்கு கவிதை மாதிரி இங்கிலீஷ் தேவையில்ல, சின்னச் சின்ன வாக்கியமா எழுதி பக்கத்துல ஒரு படம் வரைஞ்சா போதும். படம் வரையத் தெரிஞ்சவனுக்கு மெயின்ஸ்ல பாதி வேலை முடிஞ்சுது.

என்ன படிக்கணும்?

மெயின்ஸ் மொத பேப்பர்ல ஸ்ட்ரக்சரல் ஜியாலஜி, செடிமென்டாலஜி, பேலியண்டாலஜி, ஸ்ட்ராட்டிகிராஃபி, ரிமோட் சென்சிங். ரெண்டாவதுல மினராலஜி, ஜியோகெமிஸ்ட்ரி, இக்னியஸ், மெட்டமார்ஃபிக், ஜியோடைனமிக்ஸ். மூணாவதுல எக்கனாமிக் ஜியாலஜி, இந்தியாவுல எந்த தாது எங்க கிடைக்குது, எக்ஸ்ப்ளோரேஷன், நிலக்கரி பெட்ரோலியம், டேம் கட்டுற இடத்துக்கான ஜியாலஜி, நிலச்சரிவு நிலநடுக்கம். இதே எக்ஸாம்ல வர்ற ஹைட்ரோஜியாலஜிஸ்ட் போஸ்ட்டுக்கு மொத ரெண்டு பேப்பரும் இதேதான், மூணாவது மட்டும் முழுக்க நிலத்தடி நீர்.

எனக்குத் தெரிஞ்ச ஒரே டெக்னிக், படிச்சத ஏதாவது ஒரு கல்லோட முடிச்சுப் போட்டு வைக்கிறது. சார்னோகைட்ட எடுத்துக்கோங்க. புக்ல "ஹைபர்ஸ்தீன் இருக்கற கிரானைட் மாதிரி பாறை"னு ஒரு வரி, படிச்ச மறுநாள் மறந்துடும். ஆனா சென்னையில வீடு கட்ட கொட்டி வெச்சிருக்கற ஜல்லிய எடுத்துப் பாருங்க, எண்ணெய் தடவுன மாதிரி நீலம் கலந்த சாம்பல் கலர்ல இருக்கும், பெரும்பாலும் அதான் சார்னோகைட். கொல்கத்தாவுக்கு அடித்தளம் போட்டதா சொல்ற ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல்லு, நம்ம பரங்கிமலை பல்லாவரம் பக்கத்துக் கல்லுதான்னு ஜிஎஸ்ஐல இருந்த தாமஸ் ஹாலண்ட் கண்டுபிடிச்சு அந்தாளு பேரையே கல்லுக்கு வெச்சுட்டார். இப்ப மறக்குமா? பல்லாவரம்னு சொன்னதும் இன்னொண்ணு, 1863 மே 30ஆம் தேதி அங்க சரளைக் குழியில ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லாயுதத்த எடுத்தார், இந்தியாவோட கற்கால ஆராய்ச்சியே அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குதுன்னு சொல்லலாம். அவரும் ஜிஎஸ்ஐ ஜியாலஜிஸ்ட்தான், மேப் போட வந்த எடத்துல கிடைச்சது.

அரியலூர் பக்கத்துல இருக்கற காரைக்குப் போய் ஒரு அம்மோனைட்ட, அதாவது கல்லா மாறுன சுருள் ஓட்டுக் கடல் உயிர, கையில எடுத்துப் பாத்துட்டு அது வாழ்ந்த கிரெட்டேஷியஸ் காலத்த படிங்க. பஸ் காசு வீண் போகாது.

ஜிஎஸ்ஐ எப்ப ஆரம்பிச்சது? நம்மாளுங்க எப்ப உள்ள வந்தாங்க?

1851, தாமஸ் ஓல்டாம், கல்கத்தா. அப்ப வெள்ளைக்காரனுக்கு வேண்டியது நிலக்கரி, ரயிலுக்கும் கப்பலுக்கும். இப்பவும் தலைமை ஆபீஸ் கொல்கத்தாதான், சுரங்க அமைச்சகத்துக்குக் கீழ வருது.

ஆபீசர் கிரேடுல வந்த மொத இந்தியர் பிரமதநாத் போஸ், 1880ல. 1903ல அவருக்கு ஜூனியரான ஹாலண்ட, ஆமா அதே சார்னோகைட் ஹாலண்ட்தான், டைரக்டரா போட்டதும் மனுஷன் வேலைய விட்டுட்டு வெளிய வந்துட்டார். வந்தவர் மயூர்பஞ்ச் சமஸ்தானத்துல சேந்து கோருமகிசானி மலையில இரும்புத் தாது இருக்கறத கண்டுபிடிச்சு 1904ல ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு லெட்டர் போட்டார். ஜாம்ஷெட்பூர் வந்ததுக்குப் பின்னாடி அந்த லெட்டர் இருக்கு. புரமோஷன் போன கடுப்புல ஒருத்தர் ஊருக்கே இரும்பு ஆலை கொண்டுவந்தது இந்த ஒரு கேஸ்தான்னு நெனக்கிறேன்.

ஜிஎஸ்ஐக்கு மொத இந்திய டைரக்டர், 1951ல, தஞ்சாவூர்ப் பக்கத்து மகாராஜபுரத்துக்காரர் எம்.எஸ்.கிருஷ்ணன். இந்திய ஜியாலஜி பத்தி அவர் எழுதுன புக்க இன்னிக்கும் ஸ்ட்ராட்டிகிராஃபிக்கு புரட்டுறாங்க.

வேலை கிடைச்சதும் என்ன நடக்கும்?

மொதல்ல ட்ரெய்னிங். ஹைதராபாத் பண்ட்லகுடாவுல இன்ஸ்டிட்யூட், அப்புறம் ஃபீல்டு சென்டருங்க, கர்நாடகாவுல சித்ரதுர்கா, ராஜஸ்தான்ல சாவர், ஜார்க்கண்ட்ல குஜுன்னு.

சித்ரதுர்கா பக்கத்துல மரடிஹள்ளின்னு ஒரு ஊரு, அங்க தலையணை லாவா இருக்கு, கடலுக்கு அடியில எரிமலைக் குழம்பு பிதுங்கி வந்து தண்ணியில பட்டு தலையணை தலையணையா உறைஞ்சது, சுமார் 250 கோடி வருஷம் பழசு. எங்க ட்ரெய்னிங் சார் எல்லாரையும் நிக்க வெச்சு "எந்தப் பக்கம் மேல? டைரில வரை"ன்னு சொன்னார். கேள்வி என்னன்னா அந்தப் பாறைங்க அப்புறமா மடிஞ்சு புரண்டிருக்கலாம், இன்னிக்கு வானத்தப் பாக்குற பக்கம் அன்னிக்கும் மேல் பக்கமா இருந்திருக்கணும்னு இல்ல. நான் பெரிய இவன் மாதிரி ரெண்டே நிமிஷத்துல அம்புக்குறி போட்டுக் குடுத்துட்டேன், அவர் ஒண்ணும் சொல்லல, என் கைய எடுத்து ஒரு தலையணை மேல வெச்சு ஓரத்துலேர்ந்து ஓரம் வரைக்கும் தடவ விட்டார். ஒரு பக்கம் உருண்டையா குமிழ் மாதிரி, இன்னொரு பக்கம் கூரா வால் மாதிரி இறங்கி கீழ இருக்கற ரெண்டு தலையணைக்கு நடுவுல சொருகிக்கிட்டு. குமிழ் பக்கம்தான் மேல், வால் பக்கம் கீழ். இத நான் எக்ஸாம்ல படம் வரைஞ்சு மார்க்கே வாங்கியிருக்கேன், நேர்ல தலைகீழா போட்டேன். அந்தப் பக்கத்த டைரிலேர்ந்து இன்னும் கிழிக்கல.

அதுக்கப்புறம் தினசரி வேலை?

மழை விட்டதும் ஃபீல்டு, வெயில் உச்சத்துக்குப் போனதும் ஆபீஸ்ல லேப் ரிசல்ட், மைக்ரோஸ்கோப், ரிப்போர்ட். வருஷத்துல பல மாசம் கேம்ப்தான். கேம்ப்னா டென்ட், வாடகை வீடு, பூட்டிக் கெடக்குற கெஸ்ட் ஹவுஸ், அதிர்ஷ்டத்தப் பொறுத்தது. 1:50,000 டோபோஷீட், அதாவது நில அளவை மேப், ஒண்ணு சுமார் 700 சதுர கிலோமீட்டர், ஜியோகெமிக்கல் மேப்பிங்ல, அதாவது மண்ணுல என்ன தனிமம் எவ்ளோ இருக்குன்னு மேப் போடுறதுல, அத ஒரு கிலோமீட்டர் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துலயும் ஓடை மண்ணு எடுக்கணும், பக்கத்துப் பக்கத்து நாலு கட்டத்து மண்ண கலந்து ஒரு சாம்பிளா லேபுக்கு அனுப்புவோம்.

இந்த ஓடை மண்ணு சமாச்சாரத்துலதான் தர்மபுரிப் பக்கம் ஒரு ஊர்ல மாட்டிக்கிட்டோம். சல்லடை, பக்கெட், வெள்ளைப் பை, ஒரு ஜீப்பு. ஆடு மேய்ச்சுட்டு இருந்த தாத்தா ஒருத்தர் ரொம்ப நேரம் பாத்துட்டு வந்து "ஏன் சாமி, எங்க ஓடையில மண்ணு அள்ளுறியே, பர்மிட்டு இருக்கா?"ன்னார். நாலு கைப்பிடி மண்ணு தாத்தா, டெஸ்ட்டுக்குன்னு நான் இளிச்சிட்டே சொன்னா, "மொதல்ல எல்லாரும் நாலு கைப்பிடின்னுதான் ஆரம்பிக்கறாங்க"ன்னுட்டு விஏஓவுக்கு ஃபோன் போட ஆள் அனுப்பிட்டார். விஏஓ வந்து ஐடி கார்டு பாத்து, கவர்மென்ட் லெட்டர் பாத்து, ஒரு வழியா விட்டாங்க. மணல் லாரிய பாத்துப் பாத்து நொந்து போன ஊரு, தாத்தா மேல ஒரு தப்பும் இல்ல. அதுலேர்ந்து எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல விஏஓ, பஞ்சாயத்துத் தலைவர், டீக்கடை மூணு பேர்கிட்டயும் சொல்லிட்டுதான் சுத்தியல வெளிய எடுக்கறது.

மேப்பிங் தவிர தாது தேடுற வேலை, டேம், டனல், ரோடு போடுற எடத்துக்கு ரிப்போர்ட், நிலநடுக்கம், நிலச்சரிவு. நீலகிரியில குன்னூர் கோத்தகிரி பக்கம் நிலச்சரிவு ஆய்வு வருஷக்கணக்கா நடக்குது, டார்ஜிலிங்குக்கும் நீலகிரிக்கும் மழைக்காலத்துல நிலச்சரிவு முன்னறிவிப்பு சோதனை முறையில குடுக்க ஆரம்பிச்சு, 2024 ஜூலைல கொல்கத்தாவுல அதுக்குன்னு தேசிய மையமே திறந்தாங்க. அதே மாசம் 30ஆம் தேதிதான் வயநாடு நிலச்சரிவு. எவ்ளோ பண்ணாலும் பத்தலன்னு தோணுற வேலை இது ஒண்ணுதான். கடல்ல போறவங்களுக்கு மங்களூர்ல தனி டிவிஷன் இருக்கு, சமுத்ர ரத்னாகர்னு கப்பல். அன்டார்டிகாவுக்கும் ஆள் போறாங்க.

தங்கம் கண்டுபிடிச்சா பங்கு உண்டா?

ஹஹஹ. இல்ல. ரிப்போர்ட்ல பேரு வரும்.

ஆனா இத சொல்லியே ஆகணும். 2023 பிப்ரவரியில ஜம்மு காஷ்மீர் ரியாசியில 59 லட்சம் டன் லித்தியம்னு நியூஸ் சேனல் எல்லாம் குதிச்சுது. ஜிஎஸ்ஐ சொன்னது அவ்ளோ தாதுப் பாறை இருக்கலாம்னு ஒரு மதிப்பீடு, அதுவும் ஜி3ங்கற லெவல்ல. தேடல்ல ஜி4 மொத படி, சும்மா மோப்பம் பிடிக்கிறது, அப்புறம் ஜி3, ஜி2, ஜி1. ஜி1 வரைக்கும் நெருக்கி நெருக்கி போர் போட்டுப் பாத்தாதான் சுரங்கம் தோண்டலாமா வேணாமான்னு தைரியமா பேச முடியும். ரியாசிய ஏலம் விட்டப்ப போதுமான ஆள் வரல, 2024ல ரத்து. இந்த வேலைல "இருக்கலாம்"ங்கற வார்த்தைக்கு எவ்ளோ எடைன்னு வெளிய இருக்கறவங்களுக்கு புரிய வைக்கிறது பாறைய உடைக்கறத விட கஷ்டம்.

குவாரி பர்மிட் வாங்கித் தர முடியுமா?

மாமா, நீங்க கேக்குறது மாநில அரசு. கலெக்டர் ஆபீஸ்ல உதவி இயக்குநர், புவியியல் மற்றும் சுரங்கம்னு போர்டு இருக்குமே, அவங்க. எங்களுக்கும் பர்மிட்டுக்கும் சம்பந்தமே இல்ல.

அந்தத் துறைக்கும், மாநில நீர்வளத் துறைக்கும் அசிஸ்டென்ட் ஜியாலஜிஸ்ட் போஸ்ட்டுக்கு டிஎன்பிஎஸ்சி எக்ஸாம் வைக்குது. தமிழ்நாட்ட விட்டுப் போக முடியாதவங்க அதையும் கண்டிப்பா எழுதுங்க, சிலபஸ் நிறைய ஒத்துப் போகும்.

ஹைட்ரோஜியாலஜிஸ்ட்னா நீரோட்டம் பாக்குறதா?

தேங்காய உள்ளங்கையில நிக்க வெச்சு நடக்குறது இல்ல தம்பி. அந்த போஸ்ட் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துல, ஜல் சக்தி அமைச்சகத்துக்குக் கீழ, பதவிப் பேரு சயின்டிஸ்ட் பி. வாரியம் 1970ல வந்தது, 1972ல ஜிஎஸ்ஐயோட நிலத்தடி நீர்ப் பிரிவையே அதோட சேத்துட்டாங்க, அதனால ஒரு வகைல பங்காளிங்கதான். நாடு முழுக்க கண்காணிப்புக் கிணறு வெச்சு வருஷத்துக்கு நாலு தடவ தண்ணி மட்டம் அளக்குறாங்க. உங்க ஏரியா பாதுகாப்பானதா, அபாயமா, அதிகமா உறிஞ்சுனதான்னு வருதே, நம்ம ஊர்ல அது ஃபிர்கா வாரியா வரும், அந்தக் கணக்கு இவங்களும் மாநில அரசும் சேந்து போடுறது. ஊறுற தண்ணிய விட எடுக்குறது அதிகமானா, அதாவது 100 சதவீதத்த தாண்டுனா, அதிகமா உறிஞ்சுன ஃபிர்கா. ஒரே பிரிலிம்ஸ், ஒரே படிப்பு, அதனால தகுதி இருந்தா ரெண்டுக்கும் டிக் போடுங்க. நான் மொத தடவ ஒண்ணுக்கு மட்டும் போட்டேன். ஏன்னு கேக்காதீங்க.

சம்பளம்?

லெவல் 10, ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100, அதுக்கு மேல டிஏ, வீட்டு வாடகைப் படி, ஃபீல்டு போனா அதுக்கான படி. ஓஎன்ஜிசி மாதிரி கம்பெனிக்குப் போனா கையில இன்னும் கூட வரும், அத மறைச்சுப் பேச விரும்பல. காசுதான் முக்கியம்னா அங்க போங்க, தப்பே இல்ல.

பொண்ணுங்களுக்கு சரிப்பட்டு வருமா?

அப்பாக்கள்தான் கேக்குறாங்க, பொண்ணுங்க யாரும் கேக்கல. 1983ல அன்டார்டிகாவுக்குப் போன மொத ரெண்டு இந்தியப் பெண்கள்ல ஒருத்தர் சுதீப்தா சென்குப்தா, அவங்க அதுக்கு முன்னாடி ஜிஎஸ்ஐல வேலை பாத்தவங்க. எங்க பேட்ச்லயே என்ன விட வேகமா மலை ஏறுற பொண்ணுங்க இருந்தாங்க. கஷ்டம் இல்லன்னு சொல்ல மாட்டேன், கேம்ப்ல பாத்ரூம் ஒரு பிரச்சினை, ராத்திரி நெட்வொர்க் இல்லாத ஊரு ஒரு பிரச்சினை, குழந்தை பிறந்ததும் ஃபீல்டு ஒரு பெரிய பிரச்சினை. அதையெல்லாம் முன்னாடியே வீட்ல உக்காந்து பேசிடுங்க.

போஸ்டிங் சென்னையில கிடைக்குமா?

சென்னையில ஆபீஸ் இருக்கு. ஆனா லக்னோ, ஜெய்ப்பூர், நாக்பூர், ஷில்லாங், கொல்கத்தா, ஹைதராபாத்னு ஆறு ரீஜியன், மொத போஸ்டிங் எங்க விழும்னு சொல்ல முடியாது. ஹிந்தி தெரியாதேன்னு பயப்படாதீங்க, ரெண்டு மாசத்துல டிரைவர் கத்துக் குடுத்துடுவார், கொச்சையா இருக்கும், ஆனா வேலைக்கு ஆகும்.

எப்ப அப்ளை பண்றது? எத்தனை போஸ்ட் வரும்?

சமீப வருஷங்கள்ல செப்டம்பர்ல நோட்டிஃபிகேஷன், பிப்ரவரியில பிரிலிம்ஸ், ஜூன்ல மெயின்ஸ். சென்னையிலயே சென்டர் இருக்கு. போஸ்ட் எண்ணிக்கை மட்டும் ஏறும் இறங்கும், 2023 எக்ஸாமுக்கு 285 போஸ்ட், அடுத்த வருஷமே 56. அதனால இத மட்டும் நம்பி மூணு வருஷம் வீட்ல உக்காராதீங்க, கேட், டிஎன்பிஎஸ்சி, அணு கனிமத் துறை, கோல் இந்தியா எல்லாத்தையும் கூடவே ஓட்டுங்க.

அண்ணா, செலக்ட் ஆயிட்டேன், என்ன ஷூ வாங்கறது?

வாழ்த்துகள்டா! கணுக்கால மூடுற மாதிரி வாங்கு, அரை சைஸ் பெருசா. காலைல போய் வாங்காத, சாயந்திரம் கால் வீங்குன அப்புறம் கடைக்குப் போ, ஃபீல்டுல போடப் போற சாக்ஸையே போட்டுக்கிட்டுப் போ. ஜாயின் பண்றதுக்கு முன்னாடி ஒரு மாசம் ஊருக்குள்ள போட்டு நட, புது ஷூவோட மொத நாள் ஓடையில இறங்குனா ராத்திரி கொப்புளத்த எண்ணிட்டுதான் தூங்கணும்.